கீமோவுக்குப் பின் மறதி

கேள்வி: மார்பகப் புற்றுநோய்க்கு அம்மா கீமோ எடுத்து ஒரு வருடமாகிறது. சாவி வைத்த இடம், சொல்ல வந்த பேச்சு எல்லாம் மறந்துபோகிறது. டிமென்ஷியாவா? 
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: பெரும்பாலும் இருக்காது. கீமோவுக்குப் பின் வரும் மந்தம் உண்மையானது. உங்கள் அம்மா சாக்குச் சொல்லவில்லை என்று முதலில் வீட்டார் நம்புங்கள். பலருக்கு மெல்லக் குறையும், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். ஆனால் அது டிமென்ஷியாவின் ஒரு வகையான அல்சைமர் அல்ல. தென்கொரியாவில் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 70,000-க்கும் மேற்பட்ட பெண்களை ஆராய்ந்து 2025-இல் வெளியான ஆய்வில், அல்சைமர் வாய்ப்பு மற்றப் பெண்களைவிடச் சுமார் 8 சதவீதம் குறைவாகவே இருந்தது. அந்தச் சாதகம் நீண்ட நாள் நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தூக்கமின்மை, இரத்தசோகை, தைராய்டு, பி12 குறைவு, மனச்சோர்வு இவையும் மறதி தரும், இவற்றுக்கு மருந்து உண்டு. புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லி இரத்தம் சோதியுங்கள். அம்மா ஹார்மோன் மாத்திரை எடுத்து வந்தால், அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பழகிய தெருவில் வழி தவறினாலோ, காய்கறிக் கணக்கே குழம்பினாலோ, ஓசூர் சாலை நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். நினைவாற்றல் சோதனையைத் தமிழில் வைக்கச் சொல்லுங்கள். பழகாத மொழியில் கேட்டால் நல்ல நினைவுள்ளவரும் தடுமாறுவார்.