மகளின் முதல் இன்டர்வியூ: குழுக் கணக்கிலிருந்தே தொடங்குவோம்



நம் குழுக்களில் உள்ள தாய்மார்கள் பலர் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள். இன்று அவர்களுடைய பெண் பிள்ளைகள் பி.காம்., பி.பி.ஏ., எம்.காம். என்று படித்து முடித்திருக்கிறார்கள். திரேஸ்புரம், தருவைகுளம், பழையகாயல், புன்னக்காயல் என்று நாங்கள் கூட்டத்துக்குப் போகும் ஊர்களில் எல்லாம் ஒரு கேள்வி வருகிறது. "பிள்ளைய இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்காங்க, போகப் பயப்படுதா. நாங்க என்னத்த சொல்லிக் கொடுக்க?"

பிள்ளைகளிடம் கேட்டால், "எங்க வீட்ல யாரும் ஆபீஸ் வேலைக்குப் போனதில்ல. அனுபவம்னு சொல்ல எனக்கு ஒண்ணுமே இல்லையே" என்கிறார்கள்.

இந்த மாதப் பாடம் அவர்களுக்கான பதில். அனுபவம் இல்லை என்பது சரியல்ல. வாராவாரம் சேமிப்பு வாங்கி, கடன் கொடுத்து, வட்டி கணக்குப் பார்த்து, தீர்மானம் எழுதி, வங்கிக்குப் போய் வரும் அம்மா வீட்டில் இருக்கிறார். கல்லூரியில் படித்த பாடமும் அம்மாவின் குழுக் கணக்கும் ஒன்றுதான் என்று பிள்ளைக்குப் புரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

1. எந்த வேலைக்கு என்ன தேர்வு?

முதலில் இதைத் தெரிந்து கொள்வோம். எல்லா வங்கி வேலைக்கும் இன்டர்வியூ கிடையாது. அரசு வங்கிகளுக்கு ஐ.பி.பி.எஸ். நடத்தும் கிளார்க் தேர்வில் நேர்முகத் தேர்வு இல்லை. எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணும் உள்ளூர் மொழி அறிவும்தான் முக்கியம். அதிகாரி (பி.ஓ.) வேலைக்கு நேர்முகத் தேர்வு உண்டு. அதில் எழுத்துத் தேர்வுக்கு 80 பங்கு, நேர்முகத்துக்கு 20 பங்கு என்று சேர்த்துத்தான் இறுதி மதிப்பெண் போடுகிறார்கள். தனியார் வங்கி, நுண்கடன் நிறுவனம் போன்றவை தாங்களே ஆள் எடுக்கின்றன. அங்கே இன்டர்வியூவுக்குப் பெரிய பங்கு உண்டு.

நம் ஊரில் இன்னொரு வாசலும் இருக்கிறது. துறைமுகத்தை நம்பி நடக்கும் ஷிப்பிங் ஏஜென்சி, கிளியரிங் ஏஜென்ட் அலுவலகம், உப்பு வியாபாரம், மீன் ஏற்றுமதி என்று எல்லா இடத்திலும் கணக்கு எழுத ஆள் வேண்டும். அங்கே டேலி தெரியுமா, ஜி.எஸ்.டி. தெரியுமா என்றுதான் முதலில் கேட்பார்கள். ஏற்றுமதிக்குப் போடுவது ஷிப்பிங் பில், இறக்குமதிக்குப் போடுவது பில் ஆஃப் என்ட்ரி என்ற வித்தியாசத்தைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அங்கே மதிப்பு கூடும்.

எழுத்துத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தை விசாரிக்கலாம். அங்கே போட்டித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி உண்டு.

2. குழுப் புத்தகத்தில் இருக்கும் நான்கு கேள்விகள்

இன்டர்வியூவில் அடிக்கடி வரும் நான்கு கேள்விகளுக்கும் பதில் நம் குழுப் புத்தகத்திலேயே இருக்கிறது.

கேள்வி ஒன்று: "ஃபிளாட் வட்டிக்கும் குறையும் நிலுவை வட்டிக்கும் என்ன வித்தியாசம்?"

ஒரு உறுப்பினர் 12,000 ரூபாய் கடன் வாங்குகிறார். 12 மாதம், நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி. ஃபிளாட் முறையில் கடைசி மாதம் வரை முழு 12,000-க்கும் வட்டி போடுவார்கள். மாதம் 120 வீதம் மொத்த வட்டி 1,440 ரூபாய். குறையும் நிலுவையில், மாதம் 1,000 அசல் கட்டக் கட்ட, மீதி நிற்கும் தொகைக்கு மட்டும்தான் வட்டி. முதல் மாதம் 120, அடுத்து 110, அடுத்து 100 என்று குறைந்து கடைசி மாதம் 10. கூட்டினால் 780 ரூபாய்தான். வட்டி வீதம் ஒன்றே, கட்டும் பணத்தில் வித்தியாசம் 660 ரூபாய். இதைப் பிள்ளை ஒரு தாளில் போட்டுக் காட்டினால் போதும். வெளியில் கடன் வாங்கும்போது அம்மாவுக்கும் இந்தக் கணக்கு கைகொடுக்கும்.

கேள்வி இரண்டு: "டெபாசிட் வங்கிக்குச் சொத்தா, பொறுப்பா?"

பல பேர் தடுமாறும் கேள்வி இது. குழுவை நினைத்துப் பாருங்கள். உறுப்பினர் சேமிப்பைக் குழு ஒருநாள் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதனால் அது குழுவுக்குப் பொறுப்பு. உறுப்பினருக்குக் கொடுத்த கடன் குழுவுக்குத் திரும்பி வர வேண்டிய பணம். அதனால் அது சொத்து. வங்கிக்கும் அப்படியே: டெபாசிட் பொறுப்பு, கொடுத்த கடன் சொத்து.

கேள்வி மூன்று: "பாஸ் புத்தகமும் ரொக்கப் புத்தகமும் ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வீர்கள்?"

பாஸ் புத்தகத்தில் 18,400 ரூபாய் இருக்கிறது. நம் ரொக்கப் புத்தகத்தின் வங்கிப் பகுதியில் 16,900 இருக்கிறது. பதற வேண்டாம். நாம் 1,500 ரூபாய்க்குக் கொடுத்த செக்கை வாங்கியவர் இன்னும் வங்கியில் போடவில்லை. 18,400-ல் 1,500 கழித்தால் 16,900 சரியாக வரும். இதைத்தான் கல்லூரியில் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் என்று படிக்கிறார்கள்.

கேள்வி நான்கு: "வாராக்கடன் என்றால் என்ன?"

தவணைக் கடனில் அசலோ வட்டியோ 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் வங்கி அதை வாராக்கடன் (என்.பி.ஏ.) பட்டியலில் சேர்க்கிறது. இந்த விளக்கத்தோடு நிறுத்தாமல், "ஒரு தவணை தவறியதுமே உறுப்பினர் வீட்டுக்குப் போய் காரணம் கேட்பது எங்க அம்மா குழு வழக்கம்" என்று சேர்த்துச் சொன்னால், கேட்பவர் நிமிர்ந்து உட்கார்வார். புத்தகத்தில் படித்ததை வாழ்க்கையில் பார்த்த பிள்ளை என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

3. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்"

முதல் கேள்வி இதுதான். பெயர், அப்பா பெயர், ஊர், பொழுதுபோக்கு என்று மனப்பாடமாக ஒப்பித்தால் எல்லோரையும் போல ஆகிவிடும். இரண்டு நிமிடத்தில் மூன்று விஷயம் போதும்: என்ன படித்தேன், என்ன செய்யத் தெரியும், ஏன் இந்த வேலைக்கு வந்தேன்.

இங்கே மனதில் தைத்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். பிள்ளைகளின் பயோடேட்டாவை நாங்கள் பார்க்கும்போது, அம்மாவின் தொழில் என்ற இடத்தில் பலர் 'இல்லத்தரசி' என்று எழுதியிருக்கிறார்கள். அந்த அம்மா விடியற்காலையில் மீன் ஏலத்துக்குப் போகிறவராக இருப்பார். உப்பளத்தில் வேலை செய்து, வெயில் ஏறுவதற்குள் பாதி வேலையை முடிக்கிறவராக இருப்பார். குழுவின் ஊக்குநராகவும் இருப்பார். ஏன் எழுதவில்லை என்றால், "மீன் விக்கிறாங்கன்னு எழுதினா ஒரு மாதிரி பாப்பாங்க" என்று தலையைக் குனிகிறார்கள்.

பிள்ளைகளே, கடன் கொடுக்கும் நிறுவனத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். கடன் வாங்குபவர் எப்படிச் சம்பாதிக்கிறார், எந்த மாதம் கடலுக்குப் போக முடியாது, மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை நின்றால் தவணை எப்படிக் கட்டுவார் என்று தெரிந்த ஆள்தான் அவர்களுக்கு வேண்டும். அது உங்களுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அம்மாவின் தொழிலை மறைத்தால் உங்களுடைய பெரிய பலத்தை மறைக்கிறீர்கள்.

இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "நான் பி.காம். முடித்திருக்கிறேன், டேலி தெரியும். எங்க அம்மா மீன் வியாபாரம் செய்கிறார், மகளிர் குழு ஊக்குநராகவும் இருக்கிறார். கல்லூரி நாட்களில் குழுவின் பேரேட்டை எழுத அவருக்கு உதவி செய்திருக்கிறேன். சின்னக் கடன் ஒரு குடும்பத்தை எப்படி மாற்றும் என்று பார்த்ததால் இந்த வேலைக்கு விண்ணப்பித்தேன்." உண்மையில் செய்ததை மட்டும் சொல்லுங்கள். பேரேடு எழுதாதவர் எழுதினேன் என்று சொல்லக் கூடாது. அடுத்த கேள்வியிலேயே மாட்டிக் கொள்வார்.

4. ஊரைத் தெரிந்து கொண்டு போங்கள்

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், பாரில் முதலில் கொஞ்சம் சிப்பியை எடுத்துத் திறந்து மதிப்புப் பார்த்த பிறகுதான் குளிப்பை அறிவிப்பார்கள். நேர்முகத் தேர்வும் அப்படித்தான். நாலைந்து கேள்வியை வைத்து முழு ஆளையும் மதிப்பிடுகிறார்கள். அதில் ஒரு கேள்வி ஊரைப் பற்றியதாக இருக்கும்.

தமிழ்நாடு மெர்கன்டைல் வங்கி நம் தூத்துக்குடியில் 1921-ல் நாடார் வங்கி என்ற பெயரில் தொடங்கியது. 1962-ல் இப்போதைய பெயர் வந்தது. தலைமை அலுவலகம் இன்றும் நம் ஊரில்தான். வ.உ.சிதம்பரனார் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். தூத்துக்குடி 1974-ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது, 2011-ல் அவர் பெயர் சூட்டப்பட்டது. இதோடு, போகிற நிறுவனத்தின் இணையதளத்தைப் பார்த்து அது எப்போது தொடங்கியது, என்னென்ன கடன் கொடுக்கிறது என்று குறித்துக் கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி கவர்னர் யார், ரெப்போ வட்டி எவ்வளவு என்பதை முந்தின நாள் செய்தியில் பார்த்துக் கொள்ளுங்கள்.

நுண்கடன் நிறுவனத்துக்குப் போகிறவர்கள் ரிசர்வ் வங்கியின் நுண்கடன் விதிகளைப் படியுங்கள். ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடு இல்லாமல் கொடுப்பதுதான் நுண்கடன். எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்காக உறுப்பினரைத் தொந்தரவு செய்யக் கூடாது.

5. சங்கடமான கேள்விகள்

"சாயந்திரம் கணக்கு முடிக்கும்போது 500 ரூபாய் குறைகிறது. என்ன செய்வீர்கள்?" சொந்தப் பணத்தைப் போட்டுச் சரிக்கட்டுவேன் என்று சொல்லாதீர்கள். வவுச்சர்களைத் திரும்பப் பார்ப்பேன், பணத்தை மறுபடி எண்ணுவேன், அப்போதும் வராவிட்டால் அன்றைக்கே மேலதிகாரியிடம் சொல்வேன் என்பதே சரி. பணம் கையாளும் இடத்தில் தப்பை மறைப்பதுதான் பெரிய தப்பு.

"கல்யாணம் ஆனா வேலையை விட்டுடுவீங்களா?" கோபப்பட வேண்டாம். "வேலையைத் தொடர்வதுதான் என் திட்டம்" என்று ஒரே வரியில் சொல்லி நிறுத்துங்கள்.

தெரியாத கேள்விக்கு "தெரியவில்லை சார், படித்துத் தெரிந்து கொள்கிறேன்" என்று சொல்வதில் அவமானம் ஒன்றும் இல்லை.

6. ஏமாற வேண்டாம்

வேலைக்காக டெபாசிட், பதிவுக் கட்டணம், யூனிஃபார்ம் பணம் என்று தனியாள் கணக்கிலோ கையிலோ கேட்டால் கொடுக்காதீர்கள். இதற்காகக் குழுவில் கடன் வாங்கவே வேண்டாம். அரசு வங்கித் தேர்வுக் கட்டணத்தை அதிகாரப்பூர்வ இணையதளத்தில் மட்டும் கட்டுங்கள். அசல் சான்றிதழைக் காட்டலாம், விட்டுவிட்டு வரக் கூடாது. வேலை கிடைத்தால் சம்பளம், பெட்ரோல் படி, வேலை நேரம், எந்த ஊர் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

7. குழுவில் செய்ய வேண்டியது

அடுத்த கூட்டத்தில், படிப்பு முடித்த பிள்ளைகளை வரச் சொல்லுங்கள். மூன்று உறுப்பினர்கள் நாற்காலியில் உட்கார்ந்து மேலே உள்ள கேள்விகளைக் கேளுங்கள். மற்றவர்கள் சிரிக்காமல் கவனியுங்கள். பிள்ளை பதிலை முதலில் தமிழில் தெளிவாகச் சொல்லட்டும். பிறகு அதையே எளிய ஆங்கிலத்தில் சொல்லிப் பழகட்டும். குழு ரொக்கப் புத்தகத்தில் ஒரு மாதக் கணக்கை அவரையே சரிபார்க்கச் சொல்லுங்கள். குழுவுக்கும் அது நல்லது.

கலந்து பேச:
• நம் குழுவில் வட்டி ஃபிளாட் முறையா, குறையும் நிலுவை முறையா? ஏன்?
• நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நம் தொழிலையும் குழு வேலையையும் பற்றி என்ன சொல்லி வளர்த்திருக்கிறோம்?
• இந்த ஆண்டு பட்டப்படிப்பு முடிக்கும் பிள்ளைகள் நம் குழுவில் எத்தனை பேர்? அவர்கள் பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, பயிற்சி நாளைக் குறியுங்கள்.