ஆங்கிலம் கற்போம்: எப்படிப்பட்டது? எப்படி நடந்தது?



வேலைக்கு விண்ணப்பிக்கும் ஓர் இளைஞன், "நான் கடுமையாக உழைத்தேன்" என்று ஆங்கிலத்தில் எழுத எண்ணி, "ஐ வொர்க்ட் ஹார்ட்லி" என்று எழுதுகிறான் என வைத்துக்கொள்வோம். ஹார்ட்லி என்பதற்குக் "கடுமையாக" என்பது பொருளன்று. "இல்லையென்றே சொல்லலாம்" என்பதே பொருள். உழைப்பைச் சொல்ல வந்தவன், உழைக்கவில்லை என்று தன் கைப்படவே எழுதிக் கொடுத்துவிட்டான்! "ஐ வொர்க்ட் ஹார்ட்" என்பதே சரி. ஆகவே இவ்வாரம் அட்ஜெக்டிவ் எனும் பெயரடையையும், அட்வேர்ப் எனும் வினையடையையும் பிரித்தறியப் பழகுவோம்.

அடிப்படை விதி

அம்பாறை மாவட்டத்தின் வரிப்பத்தான்சேனை, நெல் வயல்கள் சூழ்ந்த ஊர். அத்தகைய ஊரின் வயலையே பாடமாகக் கொள்வோம். "கவனமான விவசாயி" என்னும்போது "கவனமான" என்பது விவசாயி என்ற பெயரைத் தழுவுகிறது. ஆங்கிலத்தில் இது "எ கேர்ஃபுல் ஃபாமர்". "அவர் கவனமாக வேலை செய்கிறார்" என்னும்போது "கவனமாக" என்பது செயலைத் தழுவுகிறது. இது "ஹீ வொர்க்ஸ் கேர்ஃபுலி". தமிழில் "ஆன" பெயரைத் தேடும். "ஆக" வினையைத் தேடும். ஆங்கிலத்தில் பெரும்பாலும் பெயரடையோடு "லி" சேர்த்தால் வினையடை கிடைக்கும். வினையடை மற்றொரு பெயரடையையும் தழுவும். "வெரி கேர்ஃபுல்" என்பதில் வெரி வினையடையாகும்.

தமிழ் நம்மை ஏமாற்றும் இடம்

"தயிர் நன்றாக இருக்கிறது" என்கிறோம். "நன்றாக" என்பதில் "ஆக" இருக்கிறதே என்று நம் பிள்ளைகள் "தி கேர்ட் டேஸ்ட்ஸ் வெல்" என்று எழுதிவிடுவார்கள். இது பிழை. தயிர் எந்தச் செயலையும் செய்யவில்லை. அதன் தன்மையே சொல்லப்படுகிறது. ஆகவே "தி கேர்ட் டேஸ்ட்ஸ் குட்" என்பதே சரி. தமிழில் "இருக்கிறது" என்ற சொல்லுக்கு முன் "ஆக" வரும். ஆங்கிலத்தில் அவ்விடத்தில் பெயரடையே வரும். "அவள் சந்தோஷமாக இருக்கிறாள்" என்பது "ஷீ இஸ் ஹாப்பி" ஆகும், "ஹாப்பிலி" ஆகாது.

லுக், ஃபீல், ஸ்மெல், டேஸ்ட், சவுண்ட், சீம், பிகம் ஆகிய வினைகளில் இந்தக் கவனம் தேவை. இதற்கோர் எளிய சோதனை உண்டு. வினையை எடுத்துவிட்டு "இஸ்" போட்டுப் பாருங்கள். "தி பேடி லுக்ஸ் குட்" என்பது "தி பேடி இஸ் குட்" என்றாலும் பொருந்துகிறது. ஆகவே பெயரடை. "தி ஃபாமர் லுக்ஸ் கேர்ஃபுலி அட் தி பேடி" என்பதில் "இஸ்" பொருந்தாது. அங்கே விவசாயி பார்க்கும் செயலைச் செய்கிறார். ஆகவே வினையடை.

ஒன்றை நினைவில் வையுங்கள்: உடல்நலத்தைச் சொல்லும்போது "ஐ ஆம் வெல்" என்பது சரியே. அங்கே வெல் பெயரடையாக நிற்கிறது.

"லி"யை மட்டும் நம்பாதீர்கள்

ஃபிரெண்ட்லி, லவ்லி ஆகியவை "லி"யில் முடிந்தாலும் பெயரடைகளே. மாறாக ஹார்ட், ஃபாஸ்ட், லேட் ஆகியவை உருமாறாமல் இரண்டு வேலையையும் செய்யும். காரணம் என்ன? பழைய ஆங்கிலத்தில் பெயரடையின் இறுதியில் ஒரு சிறு உயிரொலி சேர்த்தும் வினையடை ஆக்குவார்கள். காலப்போக்கில் அவ்வொலி தேய்ந்து மறைந்தது. இரண்டும் ஒரே உருவாயின. "ஹீ கேம் லேட்" என்றால் தாமதமாக வந்தான். லேட்லி என்றால் "அண்மைக் காலமாக". நியர் என்றால் "அருகில்". நியர்லி என்றால் "ஏறக்குறைய".

1762இல் ரொபர்ட் லௌத் என்பவர் வெளியிட்ட இலக்கண நூல், பெயரடையை வினையடையின் இடத்தில் வைப்பதைக் குறை கூறியது. இவர் பின்னர் லண்டனில் அங்கிலிக்கன் ஆயரானார். ஆயினும் வழக்கு முற்றாக ஒழியவில்லை. 1997இல் அப்பிள் நிறுவனம் "திங்க் டிஃபரன்ட்" என்று விளம்பரம் செய்தது. பேச்சிலும் விளம்பரத்திலும் இது செல்லும். பரீட்சைத் தாளிலும் விண்ணப்பத்திலும் "டிஃபரன்ட்லி", "ஸ்லோலி" என்றே எழுதுங்கள்.

பயிற்சி

1. தி டிராக்டர் இஸ் (நோய்சி, நோய்சிலி).
2. தி சைல்ட் ஸ்பீக்ஸ் இங்கிலிஷ் (குட், வெல்).
3. தி மேங்கோ ஸ்மெல்ஸ் (ஸ்வீட், ஸ்வீட்லி).
4. ஷீ ஸ்டடீட் (ஹார்ட், ஹார்ட்லி) ஃபோர் தி எக்ஸாம்.

விடைகள்: 1. நோய்சி 2. வெல் 3. ஸ்வீட் 4. ஹார்ட்.

பெற்றோர்களே, ஆங்கிலம் அறியாதவர்களும் இப்பாடத்தில் பிள்ளைகளுக்கு உதவலாம். பிள்ளை எழுதிய வசனத்தைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பின்பு, "பொருள் எப்படிப்பட்டது என்று சொல்கிறாயா, செயல் எப்படி நடந்தது என்று சொல்கிறாயா?" என்று கேளுங்கள். முதலாவதற்குப் பெயரடை, இரண்டாவதற்கு வினையடை. இந்த ஒரு கேள்வியைக் கேட்கப் பழகிய பிள்ளை, தன் உழைப்பைத் தானே மறுத்து எழுதும் நிலைக்கு ஆளாகாது.