ஸ்டீல் உடம்பு, டைட்டானியம் முதுகு

2008இல் ரோலெக்ஸ் வெளியிட்ட 'டீப்ஸீ' 3,900 மீட்டர் ஆழம் தாங்கும். உடல் ஸ்டீல், பின்மூடி மட்டும் டைட்டானியம். நான்கு வருடம் கழித்து அதன் சகோதர நிறுவனமான டியூடர், 500 மீட்டர் தாங்கும் 'பெலகோஸ்' கடிகாரத்தைக் கொண்டுவந்தது. அதில் உடல் டைட்டானியம், பின்மூடி ஸ்டீல். ஒரே குடும்பம், அப்படியே தலைகீழ். "ஸ்டீலைவிட டைட்டானியம் வலுவாமே, அதை வாங்கிடலாமா?" என்று ஆரம்பிக்கிற நண்பர்களிடம் இந்த இரண்டின் படத்தையும் நீட்டினால் போதும், பேச்சு சரியான இடத்துக்கு வந்துவிடும். எந்த உலோகம், எந்த இடத்தில், எதற்காக என்பதுதான் கேள்வி.

ஆழத்தை முதலில் தள்ளி வைத்துவிடலாம். பொழுதுபோக்காக டைவிங் போகிறவர்களுக்கு எல்லை 40 மீட்டர். டைவிங் கடிகாரங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 6425 தரமோ குறைந்தது 100 மீட்டர் கேட்கிறது. அழுத்தத்தைத் தாங்குவது கேஸ் எனப்படும் உடலின் தடிமன், கண்ணாடி, ரப்பர் வளையங்கள் எல்லாம் சேர்ந்துதான். 1953இல் வந்த ரோலெக்ஸ் சப்மரைனர் ஸ்டீல். 1975இல் சீக்கோ கொண்டுவந்த 600 மீட்டர் கடிகாரம் டைட்டானியம் கேஸில் வந்த முதல் டைவிங் கடிகாரம். 1982இல் ஐ.டபிள்யூ.சி.யும் போர்ஷே டிசைனும் சேர்ந்து செய்த 'ஓஷன் 2000' டைட்டானியத்தில் 2,000 மீட்டரைத் தொட்டது. டீப்ஸீ ஸ்டீல் உடம்போடு அதையும் தாண்டிப் போனது. ஆக, இந்தப் போட்டியில் ஜெயித்தவர் யாரும் இல்லை.

எடையில் மட்டும் சந்தேகத்துக்கே இடமில்லை. ஒரு கன சென்டிமீட்டர் ஸ்டீல் சுமார் 8 கிராம், டைட்டானியம் 4.5 கிராம். இதன் பலன் தெரிய வேண்டுமானால் எல்லையில் போய்ப் பார்க்க வேண்டும். 2012 மார்ச் 26 அன்று திரைப்பட இயக்குநர் ஜேம்ஸ் கேமரூன் மரியானா அகழியின் அடிக்கு இறங்கியபோது, அவருடைய நீர்மூழ்கியின் இயந்திரக் கையில் ரோலெக்ஸின் சோதனைக் கடிகாரம் ஒன்று கட்டப்பட்டிருந்தது. தடிமன் 28.5 மி.மீ. மனிதக் கைக்கு அது சரிப்படாது. பத்து வருடம் கழித்து, 2022இல், 11,000 மீட்டர் தாங்கும் 'டீப்ஸீ சேலஞ்ச்' கடைக்கு வந்தது. டைட்டானியத்தில், அந்தச் சோதனைக் கடிகாரத்தைவிட 30 சதவீதம் எடை குறைவாக. அப்போதும் அகலம் 50 மி.மீ. சட்டைக் கைக்குள் போகாது என்பது வேறு விஷயம்.

தண்ணீருக்குள் இந்த எடைக் கணக்கு ஒரு பொருட்டே இல்லை. இடுப்பில் கிலோ கணக்கில் ஈயக் கட்டிகளைக் கட்டிக்கொண்டு இறங்குகிறவருக்குக் கையில் 60 கிராம் கூடினால் என்ன, குறைந்தால் என்ன? வித்தியாசம் தெரிவது கரையில்தான்: பைக் ஓட்டும்போது, கீபோர்டில் தட்டும்போது, வெயிலில் மணிக்கட்டு வீங்கும் மதியத்தில். கடையில் போட்டுப் பார்க்கும்போது செயினோடு மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். ரப்பர் ஸ்ட்ராப்பிலும் கேளுங்கள். கனமான ஸ்டீல் கேஸ் லேசான ஸ்ட்ராப்பில் தலை கனத்து, கையை வீசினால் மணிக்கட்டின் ஓரத்துக்குச் சரியும். டைட்டானியம் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கும். செயினில் போட்டால் ஸ்டீலுக்கு இந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும், முன்னும் பின்னும் எடை சமமாவதால். விலையுயர்ந்த பொருள் கையில் கனக்க வேண்டும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு டைட்டானியம் கடைசிவரை ஏதோ பொம்மை மாதிரியேதான் தோன்றும், வாதாடிப் பயனில்லை.

பலரும் ஏமாந்துபோவது கீறலில்தான். 'டைட்டானியம்' என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் எந்த கிரேடு என்று கேட்க வேண்டும். கிரேடு 2 என்பது கிட்டத்தட்ட சுத்தமான டைட்டானியம். அதன் கடினத்தன்மை, கடிகாரங்களில் வழக்கமாக வரும் 316எல் ஸ்டீலைவிடப் பெரிதாக உசத்தி இல்லை. 2019 கடைசியில் அறிவிக்கப்பட்ட ஒமேகாவின் ஜேம்ஸ் பாண்ட் கடிகாரம் இந்த ரகம். கிரேடு 5இல் 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்திருக்கும். கடினத்தன்மையை அளக்கும் விக்கர்ஸ் அளவில் 350ஐ ஒட்டி வரும், 316எல் 200ஐத் தாண்டுவதே அரிது. டீப்ஸீ சேலஞ்ச் கிரேடு 5. சிட்டிசன் போன்றவர்கள் டைட்டானியத்தின் மேற்பரப்பைத் தனியாகக் கெட்டிப்படுத்துகிறார்கள். ஜெர்மனியின் ஸின் அதே வேலையை ஸ்டீலிலும் செய்கிறது. உலோகத்தின் பெயரைவிட இந்தப் பதம்தான் கீறலைத் தீர்மானிக்கிறது.

கீறல் விழும் விதமும் வேறு. பாலிஷ் போட்ட ஸ்டீலில் முதலில் வருவது மயிரிழைக் கோடுகள். எவர்சில்வர் டம்ளரில் காலப்போக்கில் விழுமே, அதே மாதிரி. வெளிச்சத்தில் திருப்பினால்தான் கண்ணில் படும். மங்கலான கிரேடு 2 பரப்பில் கீறல் விழுந்த அன்று அது பளீரென்று வெள்ளையாகத் தெரிந்து வயிற்றைக் கலக்கும். நாள் போகப்போகச் சுற்றியிருக்கும் சாம்பல் நிறத்தோடு ஒட்டி மங்கிவிடும். நகத்தால் தடவினால் பள்ளம் அங்கேயே இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது. கீறல் தானாக ஆறிவிடும் என்று விற்பனையாளர் சொன்னால் அவ்வளவுதான் அர்த்தம். எனக்கு இந்த மங்கல் பிடிக்கும். டைவிங் கடிகாரம் பளபளக்க வேண்டிய அவசியம் என்ன?

பளபளப்புத்தான் வேண்டும் என்பவர்கள் ஸ்டீலோடு நிற்பது நல்லது. அதற்குக் காரணம் சர்வீஸ். ஸ்டீல் கேஸைக் கைதேர்ந்தவர் ஒருவர் பாலிஷ் செய்து பழைய நிலைக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடுவார். டைட்டானியம் வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. குளிர்ந்த காலையிலும் கையில் சில்லென்று படாததற்கு அதுதான் காரணம். ஆனால் அதே குணத்தால், தேய்க்கும்போதும் கடையும்போதும் சூடு போக வழியின்றி வேலை நடக்கும் முனையிலேயே தேங்கும். கருவி சீக்கிரம் மழுங்கும், பரப்பு இழுபடும். தூளோ தீப்பிடிக்கக்கூடியது. பல பட்டறைகள் டைட்டானியத்தைக் கையில் வாங்கவே யோசிக்கும். விலை கூடுவதற்கும் இதில் பாதிக் காரணம் இருக்கிறது. மீதிக் காரணம் உலோகத்தைப் பிரித்தெடுக்கும் செலவு. தாதுவுக்குப் பஞ்சமே இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியின் கறுப்பு மணலில்கூட டைட்டானியம் தரும் இல்மனைட் கிடக்கிறது. ஆக்சிஜனை விட்டு அதைப் பிரிப்பதில்தான் காசு கரைகிறது.

இன்னொரு தலைவலி திருகாணி. டைட்டானியத்தோடு டைட்டானியம் உரசினால் மரைகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு இறுகிவிடும். சென்னையில் நண்பர் ஒருவர் செயினில் ஒரு கண்ணி எடுக்கத் தெருமுனைக் கடைக்குக் கொடுத்தார். திருகாணியின் தலை வழுக்கி, கண்ணியையே மாற்ற வேண்டியதாயிற்று. செயின் அளவு குறைக்கும் வேலையை வாங்கும் இடத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

வியர்வைக்கும் உப்புக்கும் டைட்டானியம் அசைந்துகொடுக்காது. 316எல் நல்ல ஸ்டீல்தான். ஆனால் உப்புத் தண்ணீர் தேங்கும் இடுக்குகளில், முக்கியமாகப் பின்மூடியின் ரப்பர் வளையம் உட்காரும் பள்ளத்தில், வருடக்கணக்கில் சின்னச்சின்னக் குழிகள் அரிக்கும். இதைத் தவிர்க்கத்தான் ரோலெக்ஸ் 1985இலிருந்து 904எல் என்ற ரகத்துக்கு மாறியது. கடலிலிருந்து வந்ததும் கிரவுன் (பக்கவாட்டுத் திருகு) இறுகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நல்ல தண்ணீரில் அமிழ்த்தி, பெசலை (கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தை) இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் ஸ்டீலின் ஆயுள் கூடும்.

நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். 316எல்லில் நிக்கல் 10 சதவீதத்துக்கு மேல், 904எல்லில் 23 சதவீதத்துக்கு மேல். இந்த ஸ்டீல்கள் நிக்கலை எளிதில் வெளியே விடுவதில்லை என்பதால் பெரும்பாலோருக்குத் தொந்தரவு இராது. உங்கள் தோல் அந்தச் சிறுபான்மையைச் சேர்ந்தது என்றால், டைட்டானியம் என்ற பெயரை மட்டும் நம்பாமல் கடிகாரத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். 2012 பெலகோஸில் தோலைத் தொட்டுக்கொண்டிருப்பது ஸ்டீல்தான். செயினின் கொக்கியும் உள்ளே இருக்கும் ஊசிகளும் எதில் செய்தவை என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடலாம்.