தேனுக்குள் வைத்த இறைச்சி

அன்பு மருமகளுக்கு,

புண்ணில் தேன் தடவினால் ஆறும் என்று அம்மம்மா சொல்வது உண்மையா, வெறும் நம்பிக்கையா என்று கேட்டிருந்தாய். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறவள் கேட்கவேண்டிய கேள்விதான். பதிலைக் கொட்டியார்க் குடாவிலிருந்து தொடங்குகிறேன்.

1660ஆம் ஆண்டு அங்கே கரையிறங்கிய ஆங்கிலக் கப்பற்காரர் சிலரைக் கண்டி அரசனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவன் றொபேட் நொக்ஸ் என்ற இளைஞன். 1679இல் தப்பிப் போய், 1681இல் இலங்கையைப் பற்றிப் பெரிய புத்தகம் ஒன்றை லண்டனில் வெளியிட்டான். அதில் வேடர்களைப் பற்றி எழுதும் இடத்தில் ஒரு செய்தி வருகிறது. மரத்தைக் குடைந்து, உள்ளே தேனை ஊற்றி, வேட்டை இறைச்சியை நிரப்பி, வாயைக் களிமண்ணால் அடைத்துவிடுவார்களாம். இல்லாத காலத்தில் எடுத்துத் தின்பதற்கு. வாகரை, பனிச்சங்கேணிப் பக்கம் தமிழ் பேசி வாழும் கரையோர வேடரும் தேன் எடுப்பவர்கள்தான்.

நமது வெக்கைக்கு இறைச்சி ஒரு நாள் தாங்காது. தேனுக்குள் மட்டும் ஏன் தாங்கியது?

முதற் காரணம் தண்ணீர். பூவிலிருந்து தேனீ உறிஞ்சி வருவதில் பெரும்பகுதி தண்ணீர்தான். கூட்டுக்குள் சிறகால் விசிறி விசிறி அதை வற்றவைத்து, 20 வீதத்துக்குக் கீழே வந்தபிறகே அறையை மெழுகால் மூடும். மிச்சமெல்லாம் ஏறக்குறைய சீனி. அதற்குள் விழுந்த பற்றீரியாவின் கலத்திலிருந்து நீர் வெளியே இழுபடும். பிரசாரணம் படித்திருப்பாய். வாவிக்கரையில் மீனுக்கு உப்பிட்டுக் கருவாடு போடுவதும் இதே கணக்குத்தான்.

ஆனால் தண்ணீர்க் கணக்கு மட்டுமே என்றால் கெட்டியான சீனிப்பாணியும் தேனும் ஒன்றாகிவிடும். புண் நீர் பட்டு இளகியதும் இரண்டுமே தோற்கவேண்டும். தேன் தோற்பதில்லை. இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். வேலைக்காரத் தேனீயின் தலையிலுள்ள சுரப்பியிலிருந்து குளுக்கோசு ஒட்சிடேசு என்ற நொதியம் தேனில் கலக்கிறது. அது குளுக்கோசை ஒட்சிசனோடு சேர்த்து குளுக்கோனிக் அமிலமும் ஐதரசன் பரவொட்சைட்டும் ஆக்கும். தேனின் பீ.எச். பெறுமானம் 4ஐ ஒட்டி நிற்பதற்கு அந்த அமிலமே முக்கிய காரணம்; அந்தப் புளிப்பில் பல கிருமிகளுக்குப் பிழைப்பில்லை. நன்றாக முற்றிய தேனில் இந்த நொதியம் கிட்டத்தட்ட உறங்கிக் கிடக்கும். நீர் சேர்ந்து இளகினால் விழித்துக்கொள்ளும். அதாவது சீனியின் பலம் குறையும் நேரம் பார்த்துப் பரவொட்சைட்டு ஊறத் தொடங்கும், அதுவும் சிறிது சிறிதாக. 1937இல் டோல்ட் என்ற ஜேர்மானியர் தேனில் கிருமியைத் தடுக்கும் ஏதோ இருக்கிறது என்று கண்டு 'இன்ஹிபின்' என்று பெயர் வைத்தார். அது ஐதரசன் பரவொட்சைட்டுத்தான் என்று அமெரிக்காவில் வைற் என்பவரின் குழு காட்டியது 1960களில்.

நொதியம் ஒரு புரதம். சூட்டுக்குக் கெட்டுப்போகும், வெளிச்சத்திலும் பலமிழக்கும். கொதிக்கிற பிளேன்ரீக்குள் தேனை ஊற்றி 'மருந்து' என்று குடிப்பவர்கள் இனிப்பைத்தான் குடிக்கிறார்கள். குடிக்கட்டும், ருசியாவது மிச்சம்.

நியூசிலாந்தின் மனுக்கா தேன் வேறு சாதி. அதன் பலம் பரவொட்சைட்டில் தங்கியில்லை. மெதைல்கிளையொக்சால் என்ற பொருளில் இருக்கிறது என்று 2008இல் ஜேர்மனியின் டிரெஸ்டன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பல தேன்களில் காணப்படும் இன்னொன்றும் உண்டு: தேனீயின் உடலே கிருமிக்கு எதிராகச் செய்யும் டிபென்சின் என்ற சிறு புரதம். அது தேனில் இருப்பதை 2010இல் ஆம்ஸ்டர்டாம் குழுவொன்று எழுதியது. இராணித் தேனீக்கு ஊட்டும் பாலிலும் அது இருக்கிறது.

தேனீப் பிசினைப் பற்றியும் கேட்டிருந்தாய். ஐரோப்பியத் தேனீ மரப்பிசினைச் சேர்த்துக் கூட்டின் வெடிப்புகளை அடைக்கும். அதிலுள்ள பிளேவனோயிட்டுகள் பற்றீரியாவைத் தடுக்கும். நம் மரப்பொந்துத் தேனீக்கு அந்தப் பழக்கம் இல்லை என்றே சொல்லலாம். இங்கே பிசின் வேண்டுமென்றால், சுவர் வெடிப்புகளில் கூடு வைக்கிற கொட்டாத சின்னத் தேனீயிடம்தான் போகவேண்டும். அதன் கூடே மெழுகும் பிசினும் குழைத்துக் கட்டியது. தேனோ தண்ணீர் கூடி, புளித்திருக்கும்.

இனிப் போத்தலுக்கு வருவோம். படுவான்கரையிலிருந்து வெற்றுச் சாராயப் போத்தலில் வரும் தேனை எல்லாரும் தீக்குச்சியால் கொளுத்தியும் எறும்பை விட்டும் பார்க்கிறார்கள். இரண்டுமே ஒன்றையும் காட்டாது. நான் கேட்பது ஒரே கேள்வி: மூடிய வதையிலிருந்து எடுத்ததா? மூடாத அறையையும் புழுவையும் சேர்த்துப் பிழிந்தால் நீர் கூடும், நொதிக்கும். நல்ல தேனும் மாரியில் மூடி திறந்திருந்தால் காற்றின் ஈரத்தை இழுத்து நுரைக்கும். நம் ஊருக்கு மீன்பாடும் தேன்நாடு என்று பெயர் இருந்து என்ன, போத்தலை இறுக்கி மூடத் தெரியவேண்டும்.

புண்ணுக்கு வருகிறேன். பல பரிசோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2015ஆம் ஆண்டின் கொக்ரேன் ஆய்வு, தோலின் முழு ஆழத்துக்கும் போகாத தீக்காயம் வழக்கமான கட்டுகளைவிடத் தேனால் நாலைந்து நாள் முந்தி ஆறுகிறது என்கிறது. சீனி வருத்தக்காரரின் கால் புண்ணுக்கு அப்படி உறுதியாகச் சொல்லவில்லை. ஆகவே பெரியப்பாவின் காலில் அம்மம்மாவைத் தேன் பூச விடாதே, ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போ. அத்தோடு, மருத்துவத்துக்கு எடுக்கும் தேன் காமாக் கதிரால் சுத்திகரித்தது. காரணம், தேனில் கிருமி வளராதே தவிர, குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினத்தின் வித்திகள் அதற்குள் சாகாமல் கிடக்கலாம். நமக்கு அவை ஒன்றும் செய்யா. கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு கக்கும். உடல் தளர்ந்து மூச்சே நின்றுபோகலாம்.

அக்காவின் பிள்ளை பிறந்ததும் நாக்கில் தேன் தொட்டு வைக்க வீட்டில் ஒருவர் தயாராக இருப்பார். ஒரு வயது முடியும்வரை ஒரு துளியும் வேண்டாம் என்று இப்போதே சொல்லி வை. நான் சொன்னால் மாமி சண்டைக்கு வருவா. நீ சொன்னால் கேட்பா.

அன்புடன்,
மாமா