கிணறு ஒருவருடையது, தண்ணீர் ஊருடையது



வீட்டுத்தோட்டத்துக்கென்று நமது நலன்புரிப் பிரிவால் ஒருமுறை விதைப் பைக்கற் கொடுத்தோம். போஞ்சி, நோக்கோல், கத்தரி எல்லாம் இருந்தது. லயம் லயமாகப் பெயர் பதிந்தோம், படமும் எடுத்தோம். மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், விரல்விட்டு எண்ணக்கூடிய வீடுகளில்தான் காய் இருந்தது. மற்ற இடங்களில் பன்றி கிண்டிவிட்டது, அல்லது மழை மண்ணை அடித்துக்கொண்டு போய்விட்டது. பீலியடியில் தண்ணீருக்குச் சண்டை வேறு. இதில் உங்கள் பிழை ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வீடு தனித்தனியாகக் கொடுத்த நாங்கள்தான் பிழைவிட்டோம். சரவணைக்குப் போய் வந்த பிறகுதான் அது எங்களுக்கு விளங்கியது.

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டினால் வேலணைத்தீவு. அதிலுள்ள ஒரு கிராமம்தான் சரவணை. அங்கே ஆறும் இல்லை, ஓடையும் இல்லை. சுண்ணாம்புக்கல், அதற்குமேல் கொஞ்சம் மண், அவ்வளவுதான். மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரைதான். அந்த மழைநீர் நிலத்துக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீரின்மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. கடல் மட்டத்துக்குமேல் ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு உப்புத் தண்ணீரைத் தள்ளிப் பிடித்திருக்கும் என்பது கணக்கு. மேலே ஓரடி குறைந்தால், உப்பு கீழிருந்து அந்தளவுக்கு ஏறிவரப் பார்க்கும். ஆகவே ஒருவர் மிஷின் போட்டு அளவில்லாமல் இறைத்தால், பக்கத்து வளவுக் கிணறும் உவராகிவிடும். கிணறு உறுதிப்படி ஒருவருக்குச் சொந்தம். தண்ணீர் அப்படியல்ல. குளத்தைத் தூர்வாருவதும், கடல்நீர் வயலுக்குள் வராமல் அணை கட்டுவதும் ஒரு வீட்டால் முடிகிற வேலையல்ல என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

எருவும் அப்படித்தான். தீவுப்பகுதியில் பூவரசங்குழை, பழைய பனையோலை, கரையொதுங்கும் சாதாளை எல்லாவற்றையும் மண்ணுக்குள் தாழ்ப்பது பழைய வழக்கம். சாதாளையை உப்புப் போக மழையில் ஊறவிட வேண்டும். அறுவடை முடிந்த நிலத்தில் இரவில் ஆடு மாடுகளைப் பட்டி அடைப்பார்கள். மாடு ஒருவருடையது, நிலம் இன்னொருவருடையது. மாட்டுக்காரருக்கு நெல்லோ காசோ கிடைக்கும், நிலத்துக்கு எரு கிடைக்கும். எருவைச் சுமக்கும் கூலியும் மிச்சம்!

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. 1990, 91இல் யுத்தத்தால் தீவுப்பகுதிச் சனம் பெருமளவில் இடம்பெயர்ந்தது. பலர் திரும்பி வரவேயில்லை. பற்றைபிடித்த வளவுகள் இன்றும் இருக்கின்றன. ஆள் இல்லாத இடத்தில் அணையை யார் கட்டுவது?

அதே காலத்தில் யாழ்ப்பாணத்துக்குள் உரம் கொண்டுபோகத் தடை இருந்தது. சனம் குழையையும் எருவையும் நம்பித்தான் தோட்டம் செய்தது. நமக்கு அந்தக் கஷ்டம் 2021இல் வந்தது. மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் திடீரென்று நிறுத்தி, நவம்பரில் தடையை எடுத்தது. கொழுந்து குறைந்ததை மலைக்குப் போனவர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. ஒரே நாளில் உரத்தை நிறுத்தினால் மண் தானாகத் தேறாது. எரு சேர்த்து மண்ணை வளமாக்க வருடக்கணக்கில் செல்லும்.

நம் லயங்களில் மாடு வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அந்த எருவை லொறிக்காரருக்கு விற்றுவிட்டு, அதே லொறியில் வரும் மரக்கறியைக் காசுக்கு வாங்குகிறோம். இதைக் கேட்டு ஒரு சரவணை அம்மா சிரித்தார். எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஆகவே இம்முறை விதையை லயத்துக்கு ஒரு பங்காகத்தான் தருவோம், வீட்டுக்கு வீடு கிடையாது. அதற்குமுன் லயத்துக்கு ஒரு எருக்குழி வேண்டும். மாட்டுச் சாணம், கிளிசரியா இலை, காய்கறிக் கழிவு என்று அடுக்கடுக்காகப் போட்டு, மேலே மண் தூவி மூடுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். குளிரில் உக்க மூன்று நான்கு மாதமாகும். மாட்டுக்காரருக்கு எருவின் விலையை மரக்கறியாகக் கொடுக்கலாம். சரிவில் குறுக்கே கான் வெட்டுவதும், பன்றிக்கு வேலி அடைப்பதும் சிரமதானம். பீலித் தண்ணீருக்கு முறை வைப்பதை லயத்துப் பெண்களே தீர்மானிக்கட்டும், தண்ணீர் சுமப்பவர்கள் அவர்கள்தானே.

நிலத்துக்கு நிர்வாகத்தின் அனுமதி எடுப்பது எங்கள் பொறுப்பு. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பிள்ளை மடுவத்தில் கூடுவோம். லயத்துக்கு இரண்டு பேராவது வாருங்கள். அதில் ஒருவர் மாடு வைத்திருப்பவராக இருந்தால் நல்லது.