மேடும் வளைவும் உயிர்வேலியும்

கேள்வி: நகரத்தின் சமதளச் சாலைகளில் 60 கிலோமீட்டரைக் களைப்பின்றி ஓட்டி முடிக்கும் ஒருவர், இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதிச் சிறுசாலைகளில் அதே தொலைவைக் கடக்கும்போது பாதி வழியிலேயே தளர்ந்துவிடுவது ஏன்? அங்கே பெரிய மலை எதுவும் இல்லையே?

பதில்: பெரிய மலை இல்லை என்பது உண்மைதான், ஆனால் ஒரே மலையாக இருந்தால் ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்கிவிடலாம், சிறு மேடுகளோ அடுத்தடுத்து வந்து கால்களுக்கு ஓய்வே கொடுப்பதில்லை. காட்ஸ்வோல்ட்ஸ் என்பது மீன்முட்டை போன்ற நுண்மணிகள் திரண்டு இறுகிய ஊலைட் என்னும் சுண்ணாம்புக்கல்லால் ஆன மேட்டுநிலம். மேற்கே செங்குத்தாக எழுந்து, கிளீவ் குன்றில் 330 மீட்டர் உயரத்தைத் தொட்டு, அங்கிருந்து தென்கிழக்கே தேம்ஸ் ஆற்றை நோக்கி மெல்லச் சாய்கிறது. அந்தச் சாய்வில் விண்ட்ரஷ், ஈவன்லோட், கோல்ன், லீச் முதலிய சிற்றாறுகள் ஏறத்தாழ ஒரே திசையில் ஓடித் தத்தம் பள்ளத்தாக்குகளை அறுத்திருப்பதால், பர்ஃபோர்டு என்னும் ஊரிலிருந்து விண்ட்ரஷ் ஆற்றை ஒட்டி மேலேறும் சாலை மென்மையாகவும், ஆறுகளுக்குக் குறுக்கே செல்லும் சாலை ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் இறங்கி ஏறுவதாகவும் அமைந்துவிடுகின்றன.

இந்த ஏற்றங்களின் கூட்டுத்தொகையே பயணத்தின் உண்மையான அளவு. ஓட்டுபவரும் மிதிவண்டியும் சேர்ந்து 80 கிலோகிராம் எடை என்று கொண்டால், 60 கிலோமீட்டரில் சிறிது சிறிதாக 900 மீட்டர் ஏறுவதற்கு மட்டும் ஏறத்தாழ 700 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். சீராக 150 வாட் திறனைத் தரக்கூடிய ஒருவருக்கு இது ஒன்றேகால் மணி நேரத்துக்கும் மேற்பட்ட உழைப்பு, அதுவும் காற்றையும் சாலையின் உராய்வையும் எதிர்த்துச் செய்யும் உழைப்புக்கு மேற்பட்டது.

ஏறும்போது செலவிட்டது இறங்கும்போது திரும்பக் கிடைக்காதா என்ற ஐயம் இயல்பாக எழும். அகன்ற நேர்ச்சாலையில் ஓரளவு கிடைக்கும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் பள்ளத்தின் அடியை எட்டுபவரை, காற்றுத்தடையை ஒதுக்கிப் பார்த்தால், அந்த வேகமே எதிர்மேட்டில் ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிச் செல்லும். சிறுசாலையிலோ பள்ளத்தின் அடியில் பெரும்பாலும் ஒரு கூரிய வளைவோ, குறுகிய கற்பாலமோ, சாலையின் குறுக்கே ஓடும் நீரோடையோ இருக்கும். அங்கே பிரேக்கைப் பிடித்து 20 கிலோமீட்டருக்கு இறங்கினால் மீதமிருக்கும் வேகம் ஒன்றரை மீட்டர் உயரத்துக்குத்தான் உதவும், எஞ்சியதெல்லாம் பிரேக்கில் வெப்பமாகக் கரைந்துபோகும்.

சாலைகள் இவ்வளவு வளைவதற்குக் காரணம் அவற்றின் வயது. எந்தப் பொறியாளரும் வரைந்து போடாமல், ஆளும் ஆடும் வண்டியும் நூற்றாண்டுக்கணக்கில் நடந்து, வயல்களின் ஓரம் சுற்றி உண்டான தடங்கள் இவை. டார்செட் போன்ற மாவட்டங்களில் மென்மணற்பாறையின் மேல் சென்ற தடங்கள், குளம்பும் சக்கரமும் மழைநீரும் அரித்துச் சுற்றுநிலத்துக்குப் பல மீட்டர் கீழே இறங்கி, மரவேர்கள் தொங்கும் பள்ளச் சாலைகளாகிவிட்டன. ஹாலோவே என்பது அவற்றின் பெயர். இவற்றினிடையே திடீரென்று நேர்கோடாகவும் இருபுறமும் அகலமான புல்லோரத்துடனும் ஒரு சிறுசாலை வருமானால், அது பெரும்பாலும் 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் பொதுநிலங்களை நாடாளுமன்றச் சட்டங்களின் வழியே தனித்தனி வயல்களாக அடைத்தபோது, நில அளவையாளர்கள் கயிறு பிடித்துப் போட்ட சாலையாக இருக்கும். இந்த வேறுபாட்டை அறிந்தவர் கண்ணெதிரே உள்ள சாலையைப் பார்த்தே அடுத்த வளைவை எதிர்பார்க்கக் கற்றுக்கொள்வார். வேறெந்தப் பயிற்சியையும்விட இது முக்கியமானது.

எனவே புறப்படும் முன் தொலைவைவிட ஏற்றத்தைக் கணக்கிடுவதே முறை. ஆர்ட்னன்ஸ் சர்வே என்னும் அரசு நில அளவை நிறுவனத்தின் 1:50,000 வரைபடத்தில் சிறுசாலைகள் மஞ்சள் நிறத்தில் இருக்கும். சம உயரக் கோடுகள் 10 மீட்டருக்கு ஒன்றாக வரும். 14 முதல் 20 விழுக்காடு வரையிலான சரிவுக்கு ஓர் அம்புக்குறியும், அதற்கு மேற்பட்ட சரிவுக்கு இரண்டு அம்புக்குறிகளும் சாலையின் மேல் இடப்பட்டிருக்கும். கியரைப் பொறுத்தவரை, முன்னே 34 பற்களும் பின்னே 34 பற்களும் கொண்ட இணைப்பில் பெடலின் ஒரு சுற்றுக்கு வண்டி 2.1 மீட்டர் நகர, பழைய பந்தய வண்டிகளின் 39-க்கு 25 என்ற இணைப்பில் அது 3.3 மீட்டர் நகர்கிறது. 10 விழுக்காடு சரிவில் ஒவ்வொரு சுற்றுக்கும் உடலை 21 சென்டிமீட்டர் உயர்த்துவதா, 33 சென்டிமீட்டர் உயர்த்துவதா என்பதே இதன் பொருள். சிறிய கியரைப் பயன்படுத்துவது வலிமையின்மையின் அடையாளம் என்ற எண்ணத்தை இந்தச் சாலைகளில் கைவிடுவது முழங்கால்களுக்கு நல்லது.

கேள்வி: ஒரு கார் மட்டுமே செல்லக்கூடிய அகலமுள்ள இத்தகைய சாலையில் மிதிவண்டி ஓட்டுபவர் எந்த இடத்தில் ஓட்ட வேண்டும்? விதிகள் என்ன சொல்கின்றன?

பதில்: ஓரத்தை ஒட்டிச் செல்வதே பாதுகாப்பு என்று பலர் நினைப்பதற்கு மாறாக, 2022 ஜனவரி 29 அன்று திருத்தப்பட்ட பிரிட்டிஷ் சாலை விதித்தொகுப்பு, அமைதியான சாலைகளில் தடத்தின் நடுவே ஓட்டவும், பின்னால் விரைவான வாகனம் வரும்போது பாதுகாப்பான இடத்தில் இடப்புறம் ஒதுங்கவும் அறிவுறுத்துகிறது. நடுவே செல்பவர் வளைவுக்கு அப்பால் இருப்பவர்களின் கண்ணில் முன்னதாகவே படுவார் என்பதோடு, ஓரத்தில் சேரும் சரளையும் சேறும் அவரைச் சறுக்கச் செய்யா. மணிக்கு 30 மைல் வேகம் வரை செல்லும் ஓட்டுநர் மிதிவண்டியை முந்தும்போது குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும், அதற்கு மேற்பட்ட வேகத்தில் இன்னும் கூடுதலாக விட வேண்டும் என்பதும் அதே தொகுப்பின் அறிவுரை. அவ்வளவு அகலம் இல்லாத சாலையில் முந்தாமல் காத்திருப்பதே கடமை.

கவலைக்குரிய செய்தி ஒன்றுண்டு. தனி வரம்பு அறிவிக்கப்படாத சிறுசாலைகளில், அவை எவ்வளவு குறுகலாக இருந்தாலும், கார்களுக்குச் சட்டப்படியான உச்சவேகம் மணிக்கு 60 மைல், அதாவது ஏறத்தாழ 97 கிலோமீட்டர். கொங்கு வட்டாரத்தார் இட்டேரி என்று சொல்வதைப் போல இருபுறமும் உயிர்வேலி எழுந்து நிற்கும் தடத்துக்கு இது சற்றும் பொருந்தாத எண். 2000-ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம் உள்ளாட்சிகள் சில சாலைகளை ‘அமைதிச் சிறுசாலை’ என அறிவிக்க இடமளித்தது; நார்ஃபோக், கென்ட், சஃபோக் மாவட்டங்களில் அவ்வாறு அறிவிக்கப்பட்டவை உள்ளன, எனினும் அந்த அறிவிப்பு மட்டுமே வேக வரம்பைக் குறைத்துவிடாது. ஆகவே ஓட்டுபவர் தாமே கைக்கொள்ள வேண்டிய அளவு, கண்ணுக்குத் தெரியும் தொலைவில் பாதிக்குள் நிற்க முடிகிற வேகம். மறுபாதி எதிரே வருபவருக்கு உரியது. குதிரையேறி வருவோரைக் கண்டால் வேகத்தைக் குறைத்து, குரல் கொடுத்து, தாராளமாக இடம் விட்டு வலப்புறமாகக் கடக்க வேண்டும். பின்னால் ஓசையின்றி நெருங்கும் மிதிவண்டி குதிரையை மிரளச் செய்யும்.

கேள்வி: செப்டம்பருக்குப் பிறகு இச்சாலைகளில் பஞ்சர் மிகுதியாவது ஏன்?

பதில்: உயிர்வேலிகளில் பெரும்பங்கு வகிப்பது ஹாதார்ன் என்னும் முட்செடி. பறவைகள் கூடுகட்டும் காலத்தைக் காக்கும் பொருட்டு மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை வேலிகளை வெட்டுவதற்குப் பொதுவாகத் தடை இருப்பதால், அதன் பின்னரே டிராக்டரில் பொருத்திய வெட்டுக்கருவிகள் இறங்கி முட்களைச் சாலையெங்கும் சிதறச் செய்கின்றன. 28 முதல் 32 மில்லிமீட்டர் அகலமும் தடித்த உள்ளடுக்கும் கொண்ட டயர்கள் பஞ்சரைக் குறைக்கும். அதற்கு மேல் செய்யக்கூடியது, புதிய டியூபைப் பொருத்தும் முன் டயரின் உட்புறத்தை ஒரு துணியால் முழுச் சுற்றும் துடைத்துப் பார்ப்பது. வெளியே தெரியாமல் ஒடிந்து நிற்கும் முள்நுனி துணியில்தான் சிக்கும். அதை எடுக்காமல் பூட்டினால் இரண்டாவது டியூபும் அடுத்த ஊருக்குள் காற்றிறங்கிவிடும்.