குட்டிச்சாத்தான் பாறைகளின் நடுவே ஓர் இரவு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 'காப்ளின் வேலி' என்றொரு பூங்கா உள்ளது. 'குட்டிச்சாத்தான் பள்ளத்தாக்கு' என்பது அதன் பொருள். 1964-ல் அது மாநிலப் பூங்காவாயிற்று. காளான் வடிவில் செந்நிற மணற்பாறைகள் அங்கே ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. அந்தப் பாலை நிலத்தில் கூடாரம் அடித்துத் தங்குவோருக்கு மூன்று கேள்விகள் எழும். வியப்பு என்னவென்றால், மூன்றுக்கும் விடை நீரில் இருக்கிறது!

1. பாலைவனத்தில் கம்பளி எதற்கு?

அங்கே கோடைப் பகலில் 38° செல்சியசைத் தொடும் வெப்பநிலை, இரவில் 20°-க்கும் கீழே இறங்குவதுண்டு. வசந்தத் தொடக்கத்திலோ நீர் உறையும் குளிர் வரும். காரணம் என்ன? தரை இரவும் பகலும் அகச்சிவப்புக் கதிர்களை வெளிவிடுகிறது. காற்றிலுள்ள நீராவி அவற்றை உட்கொண்டு, ஒரு பகுதியைத் தரைக்கே திருப்பி அனுப்பும். அங்குள்ள வறண்ட காற்றில் இந்த நீராவிப் போர்வை மிக மெல்லியது. ஆகவே, பகலில் பெற்ற வெப்பம் இரவில் விண்வெளிக்குத் தப்பிவிடுகிறது.

2. பாறைகளைச் செதுக்கியது யார்?

சுமார் 17 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு கடலோரத்தில் மணலும், வண்டலும், களிமண்ணும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகின. அங்கு ஆண்டு மழை 20 செ.மீ.-க்கும் குறைவு. ஆயினும் அச்சிறு மழையும், உறைபனியும், காற்றும் மென்மையான அடுக்குகளை விரைவாக அரித்தன. கடினமான அடுக்குகள் தலைகளாக மிஞ்சின. பாறையின் முகம் ஒரு பக்கமிருந்தே தாக்கப்படும். மூலையோ மூன்று பக்கமும் தாக்கப்படும். அதனால்தான் மூலைகள் முதலில் மழுங்கித் தலைகள் உருண்டையாயின.

இத்தலைகள் மெலிந்த கழுத்தின்மீது நிற்பவை. 2013-ல் ஒருவர் இப்படியொரு பாறையைத் தள்ளிச் சாய்த்தார். வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. தண்டனை கொடுக்கலாம்; பாறையை மீண்டும் உண்டாக்க முடியுமா?

3. கூடாரத்தை எங்கே அடிப்பது?

வறண்ட ஓடையின் மணற்படுகை சமமாக, மெத்தென்று இருக்கும். அங்கே மட்டும் அடிக்கவே கூடாது! தொலைவில் பெய்த மழையை வெறும் பாறையும் இறுகிய களிமண்ணும் உறிஞ்சுவதில்லை. எனவே, தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே வெள்ளம் பாய்ந்து வரக்கூடும். நீரின் வேகம் இருமடங்கானால் அதன் தள்ளுவிசை ஏறக்குறைய நான்கு மடங்காகும். விரைந்தோடும் வெள்ளம் 15 செ.மீ. ஆழமே இருந்தாலும் பெரியவர்களையும் வீழ்த்திவிடும். ஆகவே, குறிக்கப்பட்ட மேட்டு இடத்தில்தான் தங்க வேண்டும். குடிக்க ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் நீராவது எடுத்துச் செல்ல வேண்டும்.

செய்து பாருங்கள்: கூர்மையான மூலைகளுள்ள கற்கண்டு ஒன்றைத் தண்ணீரில் சில நிமிடங்கள் இட்டு எடுங்கள். எப்பகுதி முதலில் மழுங்கியது? குட்டிச்சாத்தானின் தலை உருவான விதம் உங்கள் கையிலேயே தெரியும்!